கராஜ் கதவும் ஒரு டப்பா கிரீஸும்

ரொம்ப நாளா கடைப்பக்கம் வர முடியலை மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இப்ப எழுத வச்சது எங்க வீட்டு கராஜ் கதவு. (சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம்.)

இங்க நியூ ஜெர்சியில நாங்க வாங்கினது பழைய வீடு. ரெண்டு கார் நிக்கிற கராஜ், உத்தரத்துல தொங்குற மோட்டார், மோட்டாரையும் கதவையும் சேர்க்கிற செயின். சைக்கிள் செயின் மாதிரியேதான், நீளம் மட்டும் அதிகம். கராஜுக்கு நேர் மேல பாப்பா தூங்குற ரூம். ராத்திரி பத்து மணிக்கு வந்து பட்டனை அமுக்கினா 'கடகடகட'ன்னு சத்தம். பாப்பா எழுந்துடும். அதுக்கப்புறம் தங்கமணி பேசுறதை இங்க எழுத முடியாது.

சத்தம் வந்தா நம்மாளுங்க என்ன பண்ணுவோம்? நீல டப்பா, சிவப்பு மூடி, டபிள்யூடி-40. நானும் அடிச்சேன். ரெண்டு நாள் அமைதி. மூணாம் நாள், பழைய குருடி கதவைத் திறடி! அந்த டபிள்யூடிக்கு அர்த்தமே 'வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்', ஈரத்தை விரட்டுறது. 1953ல சான் டியாகோவில் ஒரு சின்ன கம்பெனி நாற்பதாவது முயற்சியில் கண்டுபிடிச்சது. துருவையும் அழுக்கையும் கழட்ட அருமையான சரக்கு. ஆனா செயின்ல ரொம்ப நாள் நிக்காது, இருக்கிற கிரீஸையும் கரைச்சு விட்டுடும்.

சரி, முறையா செய்வோம்னு மோட்டார் பிளக்கைப் பிடுங்கிட்டு, பழைய துணியால செயினைத் துடைச்சு, வெள்ளை லித்தியம் கிரீஸ் மெல்லிசா பூசினேன். அப்பிட்டா தூசி ஒட்டும், கார் மேல சொட்டும். (அனுபவம்!) கதவு மூடியிருக்கும்போது செயின் நடுவுல அரை அங்குலம் போல தொய்வா இருந்தா தப்பில்லை. மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலைப் பாத்துக்குங்க. தொங்குதேன்னு வீணைத் தந்தி மாதிரி முறுக்கினா பல்சக்கரமும் பேரிங்கும் தேயும்.

ஒரு மாசம் ஓடுச்சு. மறுபடி கடகட. குளிர்காலத்துல கதவு பாதியில நிக்க வேற ஆரம்பிச்சது. மோட்டார் பெட்டியில விசையைக் கூட்ட ரெண்டு திருகு இருக்கும், ஏறுறதுக்கு ஒண்ணு, இறங்குறதுக்கு ஒண்ணு. நான் ரெண்டையுமே ஏத்திவிட்டேன். கதவு ஒழுங்கா ஏறுச்சு. சூப்பர்னு நினைச்சேன்.

அப்பா ஊர்லேர்ந்து வந்திருந்தார். ரெண்டு நாள் பாத்துட்டு, "செயினுக்கே எண்ணெய் போட்டுக்கிட்டு இருக்கியேப்பா, சத்தம் செயின்லயா கதவுலயான்னு பிரிச்சுப் பாத்தியா?"ன்னு கேட்டார். சைக்கிள் கடையில பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுத்திப் பாப்பாங்களே, அந்த மாதிரி. இதே வேலையைச் செய்யத்தான் எனக்கு மாசாமாசம் சம்பளம் தர்றாங்க. வீட்டுல தோணலை.

கதவை மூடிட்டு, தொங்குற சிவப்புக் கயித்தை இழுத்தா செயின் தனி, கதவு தனி. (திறந்திருக்கும்போது இழுக்காதீங்க. ஸ்பிரிங் போயிருந்தா கதவு தலையில விழும்.) நல்ல நிலையில இருக்கிற கதவை ஒத்தக் கையால தூக்கலாம், பாதியில விட்டா அப்படியே நிக்கும். எங்க கதவைத் தூக்க நானும் அப்பாவும் மூச்சு வாங்கினோம். பிடியைத் தளர்த்தினா சரசரன்னு இறங்குது. ரெண்டு கார் கதவு சாதாரணமா 150 பவுண்டுக்கு மேல இருக்கும். அந்த பாரத்தைச் சுமக்கிறது மோட்டார் இல்லை, மேல இருக்கிற ஸ்பிரிங். சாதா ஸ்பிரிங்குக்கு ஆயுசு சுமார் 10,000 தடவை ஏறி இறங்குற வரைக்கும். தினம் நாலு தடவைன்னா ஏழு வருஷம் கூட வராது. எங்க ஸ்பிரிங் தளர்ந்து எவ்வளவு காலமோ, அத்தனை நாளும் பாரம் செயின் தலையில. அது கத்தினப்போ நான் வாயில கிரீஸை அடைச்சிருக்கேன்.

அப்புறம் செஞ்ச சோதனைதான் வயித்தைக் கலக்கிடுச்சு. ரெண்டுக்கு நாலு மரக்கட்டையைக் கதவுக்கடியில படுக்கப் போட்டு மூடிப் பாக்கணும். கட்டை மேல பட்டதும் கதவு திரும்பி ஏறணும். எங்க கதவு ஏறலை. அப்படியே அழுத்திக்கிட்டு நின்னது. எல்லாம் நான் திருகை ஏத்தின புண்ணியம். மின்கண் இருக்கேன்னு கேப்பீங்க. 1993லேர்ந்து இங்க தயாராகுற ஓப்பனர்ல அந்த மாதிரி ஒரு பாதுகாப்பு இருக்கணும்னு சட்டமே உண்டு. ஆனா அதை வைக்கிறது தரையிலேர்ந்து ஆறு அங்குலத்துக்குள்ள. அதுக்கு மேல நீட்டுற குட்டிக் கையை அது பாக்காது. பாப்பா பந்து உருட்டி விளையாடுறது அந்த வாசல்லதான்.

ஸ்பிரிங்கை நானே மாத்தலை. வீடியோ பாத்து நூறு இருநூறு டாலர் மிச்சம் பிடிச்ச வீரர்கள் ஆபீஸ்லயே இருக்காங்க. முறுக்கி வச்ச அந்த ஸ்பிரிங் கை நழுவினா எலும்பை உடைக்கும். செயினுக்குத் துணியும் கிரீஸும் நாமளே போடலாம், ஸ்பிரிங்குக்குத் தெரிஞ்ச ஆள்தான் வரணும். இதுல எனக்கு மறுபேச்சே கிடையாது.

நண்பர் ஒருத்தர், "பெல்ட் மாடலா மாத்திடு, சத்தமே வராது"ன்னார். வேணாம் சாமி. ஸ்பிரிங் போனா அதுவும் இதே பாரத்தைத்தான் இழுக்கும், இந்த அளவுக்குக் கத்தாம இழுக்கும். எனக்குக் கத்துற செயினே போதும்.

புது ஸ்பிரிங் போட்டாச்சு, திருகைக் குறைச்சாச்சு, மாசம் ஒருதடவை கட்டை சோதனை. கதவுச் சத்தத்துக்குப் பாப்பா இப்ப எழுந்துக்கிறதில்லை. அப்பா விடுற குறட்டைக்குத்தான் எழுந்துக்குது. அதுக்கு எந்த கிரீஸ்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா.