பறக்காத நேரமும் பணி நேரமே
தாம்பரம் விமானப்படைத் தளத்தில் 1954 முதல் இயங்கும் பயிற்றுநர் பள்ளி, விமானம் ஓட்டத் தெரிந்தவர்களுக்கே கற்பிக்கும் கலையைத் தனியாகப் பயிற்றுவிக்கிறது. கற்பித்தலுக்குத் தரப்படும் அந்த மதிப்பு தனியார் விமானப் பயிற்சிப் பள்ளிகளிலும் வேண்டும். பயிற்றுநருக்குப் பறந்த மணிக்கு மட்டுமே கூலி என்றால், மழை நாளும், பறப்புக்கு முன்னும் பின்னும் மாணவருக்கு விளக்கும் நேரமும் ஊதியமற்ற உழைப்பாகிவிடும். வானிலை சரியில்லாதபோதும் கிளம்பத் தூண்டும் ஏற்பாடு அது.

மாதச் சம்பளம் தந்தால் கட்டணம் உயரும் என்பார்கள். உயரலாம்தான். ஆனால் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு தேவை. அனுபவமுள்ள ஆசிரியர் பாதியில் விலகினால் பயிற்சி இழுபட்டு மாணவரின் செலவுதான் கூடும். விமான நிறுவன வேலைக்குப் பயிற்றுநர் பணி படிக்கட்டுதானே, இளைஞர்கள் பொறுத்துக்கொள்ளட்டும் என்ற வாதத்தை ஏற்க முடியாது. தரைதொடும் கடைசி நொடியில் மாணவரின் பிழையைத் திருத்தும் கைக்கு ஓய்வும் நிதானமும் வேண்டும். நிலையான மாதச் சம்பளத்தைப் பள்ளி அங்கீகாரத்தின் நிபந்தனையாக்க சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் முன்வர வேண்டும்.