கண்ணாடியிழைப் படகுகளின் மறுவாழ்வு

பழம்பொருளைப் பேணுதல் என்றவுடன் கற்கோயிலும் செப்பேடும் ஏட்டுச்சுவடியும் நம் நினைவிற்கு வருமேயன்றி, தொழிற்சாலையில் அச்சிலே வார்த்தெடுத்த மோட்டார்ப் படகொன்று நினைவிற்கு வருதல் அரிது. மரத்தாலியன்ற பழைய படகைச் செப்பனிடுவோனைக் கலைஞன் எனப் போற்றும் உலகம், கண்ணாடியிழைப் படகைச் செப்பனிடுவோனைக் கண்டு, அச்சில் வார்த்த பொருளுக்கு இத்துணைப் பாடா என்று நகைக்கின்றது. இந்நகை பொருந்தாதென்பதும், அப்படகுகளுள் சிறந்தன காக்கத் தக்கன என்பதும், காக்கும் முறையிலே சிலர் கொண்டுள்ள பிடிவாதம் ஒன்று தவறென்பதும் எமது கருத்தாம்.

கண்ணாடியை உருக்கி மயிரினும் மெல்லிய இழையாக இழுத்து, அவ்விழையைத் துணியாக்கி, பாலியெஸ்டர் என்னும் பிசினில் தோய்த்து அச்சினுள் அடுக்கினால், சேர்த்த மருந்தின் வலியால் அப்பிசின் தானே சூடேறி இறுகுகின்றது. 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ரே கிரீன் என்பார் இம்முறையிற் சிறு படகு செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தொழில் பெருகிற்று. பலகைப் பொருத்து இல்லை, கப்பற்புழு அரிப்பதில்லை, ஆண்டுதோறும் கீல் பூச வேண்டுவதில்லை. மக்கள் விரும்பியதில் வியப்பென்னை?

எனினும் பழமை ஒன்றே தகுதி தாராது. அச்சொன்று இருந்தால் நல்ல வடிவமும் நூறாகும். கெட்ட வடிவமும் நூறாகும். பேணத்தக்கன எவையென அறிய, ரேமண்டு ஹண்ட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளரின் படகுகள் இரண்டினை நோக்குக. முதலாவது, 1958-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரிச்சர்டு பிஷர் என்பார் விற்பனைக்குக் கொணர்ந்த பாஸ்டன் வேலர். நீளம் 13 அடிக்குச் சிறிது மேல். உள்ளோட்டிற்கும் வெளியோட்டிற்கும் இடையே இறுகிய நுரை நிரம்பியிருந்தமையால் அஃது அமிழ்வதில்லை. 1961-இல் 'லைப்' இதழில் வெளிவந்த படங்களில், பிஷர் அமர்ந்திருக்கும்போதே படகை வாளால் இரு துண்டாக அறுக்கின்றனர். அவரோ மோட்டார் பூட்டிய பின்பாதியைச் செலுத்திக்கொண்டு போகின்றார்!

மற்றொன்று 31 அடிப் பெர்ட்ரம். 1960-இல் மயாமியிலிருந்து நாசோவுக்கு நடந்த கடற்பந்தயத்தில், கொந்தளித்த கடலிலே, ரிச்சர்டு பெர்ட்ரம் என்பார் 'மாப்பி' என்னும் மரப்படகைச் செலுத்தி வென்றார். அக்காலத்து விரைவுப் படகுகளின் அடிப்புறம் பெரும்பாலும் பின்பக்கமாகிய அமரத்தை அணுகுந்தோறும் தட்டையாகிவிடும். அலைமேல் எழுந்து வீழும்போது அத்தட்டைப் பாகம் நீரை அறைந்து, ஏறியிருப்போர் முதுகை வருத்தும். ஹண்ட் அடிப்புறத்தை ஏறக்குறைய 24 பாகைச் சரிவுடன் ஆப்புப்போல் அமரம் வரையிலும் கொண்டு சென்றார். ஆப்பு நீரைப் பிளந்து இறங்கிற்று. அம்மரப்படகின்மீது அச்செடுத்து 1961 முதல் கண்ணாடியிழைப் படகுகள் வார்க்கப்பட்டன. இன்று கடலில் விரைந்தோடும் படகுகள் பலவும் அவ்வடிவின் வழித்தோன்றல்களே.

இனி, இவை கெடுவது எவ்வாறு? கண்ணாடியிழை எளிதில் அழிவதில்லை. அழிவது அதனுள் மறைந்துள்ள மரமே. ஓடு மெலிந்ததாகலின் வளையும். அதனை விறைப்பாக்குவதற்குத் தரைக்கடியில் நெடுங்கட்டைகளையும், மோட்டாரைத் தாங்கும் பின்சுவரினுள் ஒட்டுப்பலகையையும் வைத்து, மேலே இழைத்துணி போர்த்தினர். பின்னர் ஏணிக்கும் வளையத்திற்கும் திருகாணி முடுக்கினர். திருகாணித் துளையின் வாயில் அடைத்த பசை காலத்தால் வெடிக்க, நீர் நுழைந்தது, வெளியேற வழியில்லை. காற்றோட்டமற்று ஈரம் நிலைத்த அவ்விடத்தில் பூஞ்சை பற்றி மரத்தைத் தின்றது. வெளியே பளபளப்பு, உள்ளே பிண்ணாக்கு! பராமரிப்பு வேண்டாத படகென்று விளம்பரம் செய்து, அழுகும் பொருளைக் கண்ணுக்கு மறைத்து வைத்த குற்றம் அக்காலத்து உற்பத்தியாளரையே சாரும். வேலர் படகிலோ, நுரையே பல்லாண்டுகளில் நீரைக் குடித்துக் கனத்துப்போவதுண்டு; நிறுத்துப் பார்த்தே அதனை வாங்க வேண்டும். ஏனையவற்றைச் சிறு சுத்தியலால் தட்டினால் நல்லவிடம் கணீரென்னும், கெட்டவிடம் மொத்தென்னும்.

செப்பனிடுவோன் ஒருபுறத்து ஓட்டை அறுத்து, அழுகலைத் தோண்டியெடுத்து, உலரவைத்துப் புதிய பலகையை எப்பாக்ஸிப் பிசினால் ஒட்டி, மீண்டும் இழை போர்த்துகின்றான். இறுகிய பழம்பிசினோடு புதுப்பிசின் ஒன்றாகக் கலப்பதில்லை. பழையதைச் சொரசொரப்பாகத் தேய்த்தாலன்றிப் புதியது தோல்போல் உரிந்துவிடும். தேய்க்கும்போது எழும் கண்ணாடித் தூள் நுரையீரலுக்குக் கேடாதலின் முகமூடியின்றி இவ்வேலையைத் தொடலாகாது. இதனைக் கலையன்றென்பார், ஒருநாள் செய்து பார்ப்பாராக.

ஈண்டுத்தான் முற்கூறிய பிடிவாதம் எழுகின்றது. முதலில் ஒட்டுப்பலகை இருந்ததாகலின் ஒட்டுப்பலகையே வைத்தல் வேண்டும், அழுகாத நுரைப்பலகை வைத்தால் படகு பொய்ப்படகாகிவிடும் என்பர் சிலர். யாம் இதற்கு உடன்படோம். அம்மரம் வைக்கப்பட்டது அழகு கருதியன்று; மலிவாகவும் கைக்கெட்டியதாகவும் இருந்தமை கருதியே. ஹண்ட் வரைந்தது நீரைத் தொடும் கோடு, மறைந்துள்ள கட்டையன்று. ஆதலின் கட்டை மாறலாம், கோடு மாறலாகாது. இவ்வகையில், பழமைவாதிகள் பொருட்படுத்தாத ஒன்றே எமக்குப் பெருங்குற்றமாகத் தோன்றுகின்றது: பழைய இலேசான மோட்டாருக்கென வகுத்த சிறு படகில் இக்காலத்துக் கனத்த மோட்டாரைப் பூட்டுவதால் அமரம் தாழ்ந்து, அணியம் உயர்ந்து, படகின் நடையே மாறிவிடுகின்றது.

செலவு மிகுதி என்பது மெய். செப்பனிடுங் கூலி பன்முறை படகின் விலையை விஞ்சும். ஆயினும் கைவிட்ட ஓடு எங்கே போகும்? அது மக்குவதில்லை, மீண்டும் உருக்கி வார்க்கவும் இயலாது, திறந்தவெளியில் எரித்தால் நச்சுப்புகை. பிரான்சு நாட்டில், உற்பத்தியாளர் செலுத்தும் தொகையைக்கொண்டு பழம்படகுகளை உடைத்தகற்றும் ஏற்பாடு 2019-இல் தொடங்கிற்று. துண்டாக்கிய ஓட்டைச் சிமெண்டுச் சூளையில் இடும் முறையும் உண்டு. சிறப்பற்ற படகுகளுக்கு அதுவே தக்க முடிவு. நம் தமிழ்க் கடற்கரையில், 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர்ப் பெருகிய 'பைபர்' படகுகளும் இவ்வினத்தனவே; அவற்றின் முதுமையைப் பற்றியும் இன்றே எண்ணுதல் நன்று.

செப்பனிட்டுக் காப்போர்க்கு ஒரு வேண்டுகோள். எவ்விடத்தில் எப்பொருள் வைத்தோம், எப்பிசின் இட்டோம், எரிபொருட் கலம் எதனாலாயது என்பவற்றைக் குறித்து ஏட்டோடு படகைக் கைமாற்றுக. அமெரிக்காவில் பெட்ரோலில் எத்தனால் கலக்கத் தொடங்கிய பின்னர், கண்ணாடியிழையாலாகிய பழைய எரிபொருட் கலங்களின் பிசினை அது கரைத்து, கரைந்த பசை எஞ்சினுட் சென்று படிந்து, எஞ்சின்கள் பாழாயின. கலத்தின் இயல்பை ஏடு ஒன்று கூறியிருப்பின், அடுத்த சொந்தக்காரர் பெட்ரோல் ஊற்றுமுன்னரே அதனை மாற்றியிருப்பார்.