முழங்கால் வலிக்கிறது என்றால்...

அந்தமானில் அபர்டீன் பஜார் மணிக்கூண்டைச் சுற்றிக் கடை வைத்திருக்கும் தமிழர்களுக்குப் பெரிய வியாதி என்றால் சென்னைதான். கிட்டத்தட்ட 1,200 கி.மீ. கடல். குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் வந்துவிட்டால் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல். நோய் அடங்கி, ஊர் திரும்பி, தலையில் முடியும் வளர்ந்த பிறகு ஒரு நாள் பையன் காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான். சுளுக்கு என்று எண்ணெய் தேய்க்கிறார்கள். வளர்கிற வயசு என்கிறார் பக்கத்துக் கடைக்காரர்.

சுளுக்காக இல்லாமலும் இருக்கலாம். புற்றணுக்களை அழிக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளே எலும்பு முனைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடுவதுண்டு. ரத்தம் கிடைக்காத எலும்பு செத்துப்போகிறது. டாக்டர்கள் இதை ஆஸ்டியோநெக்ரோசிஸ் என்கிறார்கள். அதிகம் மாட்டிக்கொள்வது பத்து வயதைத் தாண்டியவர்கள். சிறு குழந்தைகள் பெரும்பாலும் தப்பிவிடுகிறார்கள். இன்னொரு முக்கிய மருந்தான மெத்தோட்ரெக்சேட்டுக்கும் எலும்பை மெலியவைப்பதில் பங்கு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழு அமெரிக்காவில் உருவாக்கிய மருந்து அது. எத்தனையோ குழந்தைகள் பிழைத்திருப்பது அதனால்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தால் வலி முழங்காலில் தெரியலாம். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து, 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிட்டால் ஆபத்து. ஆரம்ப கட்டத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது; எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியும். விட்டுவிட்டால் பந்துபோன்ற தொடையெலும்பின் தலை நொறுங்கி, இளம் வயதிலேயே மூட்டு மாற்று ஆபரேஷன்வரை போகலாம். எலும்பு வலி, புற்றுநோய் திரும்புவதன் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். எப்படியானாலும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது எலும்பைக் காப்பாற்றி உயிரை விடுகிற கதை. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர்களின் வேலை. அதைச் செய்தும் இருக்கிறார்கள். சிகிச்சையின் ஒரு கட்டத்தில் டெக்ஸாமெத்தசோனை 21 நாள் தொடர்ந்து கொடுக்காமல், நடுவில் ஒரு வாரம் இடைவெளி விட்டால் பெரிய பிள்ளைகளுக்கு எலும்புச் சேதம் குறைகிறது, குணமாவதும் குறையவில்லை என்று 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

ஆகவே உள்ளூர் டாக்டரிடம் போனாலும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டு சாப்பிட்ட பிள்ளை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த செக்கப்புக்கு ஆறு மாதம் இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். கப்பல் டிக்கெட் கிடைக்கும்வரை ஓட்டமும் குதியாட்டமும் கூடாது. வலிக்கிற காலை அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம்.