கல்யாண போட்டோவுக்கு லோன் போடாதீங்க, ஆனா ஆளை மட்டும் விசாரிச்சுப் பிடிங்க

கல்யாண பட்ஜெட் வீடியோ போட்டதுல இருந்து நம்மகிட்ட அதிகமா வர்ற கேள்வி இதுதான்: "போட்டோகிராபி பேக்கேஜ் ஒரு லட்சம் சொல்றாங்க, பர்சனல் லோன் போடலாமா?"

வேண்டாம். 14% வட்டியில 24 மாசத்துக்கு ஒரு லட்சம் வாங்கினா, மாசம் சுமார் 4,800 ரூபாய் கட்டணும். வட்டி மட்டுமே 15,000-க்கு மேல. சம்பளம் வந்து விழுற அன்னிக்கே ட்ரோன் ஷாட்டுக்கு ஈஎம்ஐ போறது நல்லாவா இருக்கும்?

அதுக்காக இருக்கிறதுலயே கம்மி ரேட்டுக்குப் போங்கன்னும் சொல்ல மாட்டேன். நாங்க அப்படித்தான் போனோம். திருவொற்றியூர்ல எங்க அக்கா கல்யாணம். 12,000 மிச்சம்னு ஒருத்தரைப் பிடிச்சோம். ஆல்பத்துல காட்டின வேலை ஒருத்தரோடது, கேமராவோட வந்து நின்னது வேற ஒரு தம்பி. அப்பா அட்சதை போடுற படம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுலயும் ஃபோகஸ் பின்னாடி இருக்கிற பூ அலங்காரத்துல. ரெண்டு வருஷம் கழிச்சு அப்பா தவறினப்போ, மாலை போட ஒரு நல்ல படம் கிடைக்கல. கடைசியில அவரோட ஹார்பர் ஐடி கார்டு போட்டோவைத்தான் பெருசாக்கினோம்.

அதனால என் கருத்து இது: காசைக் குறைக்கணும்னா ஐட்டத்தைக் குறைங்க, ஆளைக் குறைக்காதீங்க. ப்ரீ-வெட்டிங் ஷூட் வேணாம். ஆசைப்பட்டா காசிமேட்டுல விடியற்காலையில ஃப்ரெண்டு ஒருத்தன் போன்ல எடுத்தாலே போதும். ட்ரோனும் வேணாம். துறைமுகமும் அனல்மின் நிலையமும் இருக்கிற ஏரியா நம்மளோடது. டிஜிட்டல் ஸ்கை மேப்ல எந்த மண்டலம்னு பார்க்காம அதுக்கு அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. எல்.ஈ.டி. திரையும் ரெண்டாவது ஆல்பமும் போனா யாரும் அழ மாட்டாங்க. முகூர்த்தமும் ரிசப்ஷனும் மட்டும் நல்ல ஆள்கிட்ட போகட்டும்.

நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரீல்ஸ் பார்க்காதீங்க. அதுல எல்லாரும் நல்லாத்தான் எடுப்பாங்க. ஒரே கல்யாணத்தோட மொத்தப் படத்தையும் காட்டச் சொல்லுங்க. ஹோமப் புகையில முகம் தெரியுதா, மண்டப வெளிச்சத்துல தோல் பச்சையா இருக்கான்னு பாருங்க. "நீங்களே வருவீங்களா?"ன்னு கேட்டு, வர்றவர் பெயரை கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க. முடிஞ்சவரை நம்ம பக்கத்து ஆளாவே பிடிங்க. விம்கோ நகர் வரைக்கும் 2021-லயே மெட்ரோ வந்துடுச்சு, சரி. ஆனா நாலரை மணி முகூர்த்தத்துக்கு அது உதவாது. எண்ணூர் ரோட்டு கன்டெய்னர் லாரி வரிசையைப் பத்தித் தெரிஞ்சவர் முந்தின ராத்திரியே மண்டபத்துக்கு வந்துடுவார். வடிவுடையம்மன் கோயில்லயோ ராயபுரம் சர்ச்லயோ கல்யாணம்னா, உள்ளே எங்க வரைக்கும் கேமரா விடுவாங்கன்னு முதல்லயே ஆபீஸ்ல கேட்டுடுங்க.

இப்போ பேப்பர் விஷயம். நீங்க காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு முதல் பதிப்புரிமை உங்களுக்குத்தான்னு 1957 பதிப்புரிமைச் சட்டத்தோட 17-ஆவது பிரிவு சொல்லுது. ஆனா ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதியிருந்தா அதுதான் செல்லும். அதனால கையெழுத்துக்கு மேல இருக்கிற பொடி எழுத்தைப் படிங்க. ஒரிஜினல் ஃபைல் எல்லாம் எப்போ கைக்கு வரும்னும் அதுலயே எழுதணும். ஜிஎஸ்டி பதிவு இருக்கிறவர்னா, பேசின தொகையில 18% சேர்ந்திருக்கா இல்லையான்னு கேளுங்க. பணம் யுபிஐ-லயே போகட்டும். கடைசி 25%, ஆல்பம் வந்த பிறகுதான். ஏமாத்திட்டாங்கன்னா 1915-க்குக் கூப்பிடுங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல, நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா புகார் கட்டணமே கிடையாது.

அப்புறம் ஒரு வேலை. கட்டாயம் எடுக்க வேண்டிய இருபது பேரோட பெயரை ஒரு தாள்ல எழுதி, எல்லாரையும் அடையாளம் தெரிஞ்ச சித்தப்பா பையன் ஒருத்தனை போட்டோகிராபர் கூடவே நிக்க வைங்க. முதல் ரெண்டு பேர் அப்பாவும் அம்மாவுமா இருக்கட்டும். தனித்தனியா, நேரா கேமராவைப் பார்த்து.