95 அடித்தால் வண்டி கூட இழுக்குமா?

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் உள்ள எரிபொருள் நிரப்பு நிலையமொன்றில் அண்மையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் 100 சிசி மோட்டார் சைக்கிளோடு நின்ற தம்பி, "அண்ணை, 95 அடியுங்கோ, ஐந்நூறுக்கு" என்றார். ஏன் 95 என்று கேட்டேன். "92 கழிவுச் சாமான். 95தான் நல்ல பெற்றோல், இழுவையும் கூட" என்றார். அவர் கூலி வேலைக்குப் போகிறவர்.

2025 ஜூலை விலைத் திருத்தத்தின்படி 92 ஒரு லீற்றர் 305 ரூபா, 95 ஒரு லீற்றர் 341 ரூபா. அந்த விலையில் 500 ரூபாவுக்கு 92 என்றால் 1.64 லீற்றர் கிடைக்கும், 95 என்றால் 1.47 லீற்றர்தான். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு எட்டுக் கிலோமீற்றருக்கு மேல் நட்டம். வாரம் ஐந்து லீற்றர் அடிப்பவருக்கு வருடத்தில் 9,360 ரூபா கூடுதல் செலவு. அதற்குப் பதிலாக அவருக்கு என்ன கிடைக்கிறது?

ஒக்டேன் என்பது பெற்றோலின் வலுவைச் சொல்லும் எண் அல்ல. இஞ்சினுக்குள் காற்றும் பெற்றோலும் கலந்து அழுத்தப்படும்போது, பிளக்கின் தீப்பொறியில்தான் அது பற்ற வேண்டும். அந்தச் சுவாலை போய்ச் சேருமுன்பே சூட்டிலும் அழுத்தத்திலும் மிச்சக் கலவை தானாக வெடித்தால் 'டக் டக்' என்று தட்டும். அந்தத் தட்டலை எவ்வளவுக்குத் தாங்கும் என்பதற்கான அளவே ஒக்டேன். தட்டாத இஞ்சினுக்கு அந்த எண்ணைக் கூட்டுவதால் இழுவை கூடாது.

இந்தத் தட்டலை எங்கள் சனத்துக்குப் புதிதாக விளக்கத் தேவையில்லை. 1990 இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு பெற்றோல் கண்ணில் காண முடியாத பொருளானது. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய எம்.டி. 90 மோட்டார் சைக்கிள்களின் சத்தமும் புகையும் என் தலைமுறைக்கு ஞாபகம் இருக்கும். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. பழைய இஞ்சின்களின் அழுத்தம் குறைவாக இருந்ததால்தான் அவை அதையும் தாங்கின. கெட்ட எண்ணெயில் வண்டி ஓட்டிய ஊருக்கு, விலை கூடியதே நல்லது என்று தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் வன்னியில் ஓடும் மோட்டார் சைக்கிள்களும் ஓட்டோக்களும் பெரும்பாலும் இந்தியத் தயாரிப்புகள். இந்தியாவில் பல ஆண்டுகளாகச் சாதாரண பெற்றோலுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச ஒக்டேன் 91. ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கு 89தான். அங்கிருந்து வரும் சிறிய கார்களில் பெரும்பாலானவை அதற்கென்றே செய்யப்பட்டவை. இவற்றுக்கு எங்கள் 92 தாராளமாகப் போதும். ரேர்போ பூட்டிய கார்கள், ஐரோப்பியக் கார்கள் பலவற்றுக்கு 95 தேவைப்படும். பெற்றோல் மூடியின் உட்புறத்திலோ வாகனக் கைநூலிலோ அது எழுதப்பட்டிருக்கும். அப்படி எழுதியிருந்தால் விலை வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கப் போகாதீர்கள்.

கனடாவில் இருக்கும் உறவினர்கள் "இங்கே 87தான் அடிக்கிறோம்" என்று சொல்லும்போது குழப்பம் வரும். அங்கே அளக்கும் முறை வேறு. அவர்களின் 87 ஏறத்தாழ எங்கள் 91, 92 க்குச் சமன். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016 இல் இதைச் சோதித்தது. சாதாரண பெற்றோலுக்கென வடிவமைத்த கார்களுக்கு விலை கூடிய பெற்றோலால் குறிப்பிடத்தக்க நன்மை இல்லை என்றும், அமெரிக்கர்கள் ஒரு வருடத்தில் 210 கோடி டொலரை இப்படி வீணாக்கினார்கள் என்றும் அது சொன்னது.

95 இல் 'யூரோ 4' என்று போடுவது கந்தக அளவைக் குறிக்கும். புகை விடயத்தில் அதற்குப் பொருள் உண்டு, இழுவையில் இல்லை.

அந்தத் தம்பியின் சந்தேகத்தை நான் முழுதாகத் தள்ளிவிடவும் மாட்டேன். 2011 இல் தரம் குறைந்த பெற்றோல் நாட்டுக்குள் வந்து வாகனங்கள் பழுதாகி, அரசு நட்டஈடு கொடுக்க வேண்டி வந்தது. 2017 நவம்பரில் ஒரு கப்பல் பெற்றோல் தரமற்றது என்று நிராகரிக்கப்பட்டு நாடெங்கும் வரிசை நின்றது. 2022 ஜூனில் 92 ஒரு லீற்றர் 470 ரூபாவுக்கும் 95 ஒரு லீற்றர் 550 ரூபாவுக்கும் போனபோது, போத்தலில் எது வந்தாலும் வாங்கினோம். மண்ணெண்ணெய் இன்றும் பெற்றோலைவிட மலிவு. கலப்பதற்கு அதுவே போதுமான காரணம். ஆனால் கலப்படம் வேறு, ஒக்டேன் வேறு. கலந்து விற்பவன் 95 என்று சொல்லியும் விற்பான். நம்பிக்கையான இடத்தில் பற்றுச்சீட்டோடு வாங்கிய 92, கடைவாசலில் போத்தலில் வாங்கும் 95 ஐ விட மேல்.

பிறகு அந்தத் தம்பியோடு பக்கத்துக் கராஜுக்குப் போனேன். மெக்கானிக் அண்ணை பெற்றோலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எயார் பில்ரரைக் கழற்றி நிலத்தில் தட்டினார். குளத்துக் கிரவல் வீதியின் சிவப்புத் தூசி ஒரு கைப்பிடி கொட்டியது.

"எப்ப மாத்தினனீ?"

"வாங்கின நாளிலையிருந்து இதுதான் அண்ணை."