சுவரும் சித்திரமும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. உடல்நலம் பேணுக என்று அறிவுறுத்தவே இதனைப் பெரும்பாலும் எடுத்தாளுகிறோம். ஆயின் இதனை நேர்ப்பொருளில் கொண்டு, சித்திரம் எழுதியவனுக்குச் சுவர் எங்கிருந்து வந்தது, கூரை எங்கிருந்து வந்தது, அவன் வீட்டு அடுப்பில் உலை எவ்வாறு ஏறியது என்று வினவுவோர் மிகச் சிலரே. ஓவியத்தைக் கண்டு வியக்கும் நாம் ஓவியரின் வாழ்வைக் காண்பதில்லை. அதனைக் காட்டுவன அவர்கள் வாழ்ந்த வீடுகளே. அவ்வீடுகளைக் காட்சியகங்களாக்கிக் காப்பதும், மாணவரை அங்கு அழைத்துச் சென்று காட்டுவதும் கல்விப் பணியின் இன்றியமையாத கூறுகள் என்பது நம் கருத்து.

உலகப் புகழ் பெற்ற ஓவியர் இருவரின் வீடுகளை முதலில் எண்ணிப் பார்ப்போம். ஆம்ஸ்டர்டாம் நகரில் ரெம்பிராண்ட் 1639-இல் வாங்கிய வீடு இன்று ஓர் அருங்காட்சியகம். பெரும் விலைக்கு வாங்கிய அவ்வீட்டின் கடனைத் தீர்க்க இயலாமல் 1656-இல் அவர் நொடிப்பு நிலையை அடைந்தார். பின்னர் வீட்டையும் இழந்தார். கடன் தீர்க்கும் பொருட்டு அவருடைய உடைமைகளை அறைதோறும் குறித்து அதிகாரிகள் ஒரு பட்டியல் எழுதினர். 1911-இல் காட்சியகமாகத் திறக்கப்பட்ட அவ்வீட்டின் அறைகளைப் பிற்காலத்தில் பழைய வண்ணமே அமைத்துக் காட்ட உதவியது அந்தப் பட்டியலே! ஒரு கலைஞரின் வறுமைக்குச் சான்றாக எழுதப்பட்ட ஏடு, அவர் புகழைக் காக்கும் ஏடாக மாறியது காலத்தின் விந்தை. நம் அண்டை மாநிலமான கேரளத்திலுள்ள கிளிமானூர் அரண்மனை மற்றொன்று. 1848-இல் ராஜா ரவிவர்மா அங்கே பிறந்தார். அவர் ஓவியம் தீட்டிய கூடம் அவ்வளாகத்தில் போற்றப்பட்டு வருகிறது. ஒருவர்க்குக் கடன் கூரை தந்தது. மற்றவர்க்குப் பிறப்பு கூரை தந்தது. கடனும் இன்றிப் பிறப்புரிமையும் இன்றி, தம் கைத்தொழிலால் கூரை வேய்ந்துகொண்ட ஓவியர் எவரேனும் உளரோ?

உளர். அவர்களைக் காண நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. சென்னைக் கடற்கரையோரம் சென்றால் போதும். ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966-இல் தோன்றியது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய கே.சி.எஸ். பணிக்கர், தம் மாணவர் பலருடன் கூடி இதனை நிறுவினார். கல்லூரியை விட்டு வெளியேறும் இளம் ஓவியர்கள் பிழைப்புக்காக வேறு அலுவல் தேடித் தூரிகையைத் துறந்துவிடுகின்றனரே என்னும் கவலையே இம்முயற்சியின் வித்து. கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்த பணிக்கரும் இளமையில் தந்தித் துறையில் ஊதியத்திற்கு உழைத்தவர். கலைக்கும் வயிற்றுக்கும் இடையே நிகழும் போராட்டத்தை நன்கறிந்தவர். எனவே அவர் புரவலரைத் தேடவில்லை. பத்திக் துணி, தோல்வேலை, உலோக வேலை முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்பதென்றும், அவ்வருவாயில் நிலம் வாங்கி வீடு கட்டுவதென்றும், எஞ்சிய பொழுதில் ஓவியம் தீட்டுவதென்றும் ஓவியர்கள் முடிவு செய்தனர். மணல்வெளியில் ஓர் ஊர் எழுந்தது. தனியொருவர் வீடு அன்று. ஓர் ஊரே ஓவியர் வீடாயிற்று. பணிக்கர் 1977-இல் மறைந்தார். ஊர் நிலைத்தது. 2009-இல் அங்கே ஒரு கலைக் காட்சியகமும் திறக்கப்பட்டது.

திருமுல்லைவாயிலிலிருந்து மாணவர் சிலருடன் அங்குச் சென்றோம். நகரின் மேற்கு ஓரத்திலிருந்து கிழக்குக் கடலோரம் வரை அது நீண்ட பயணமே. சிற்பங்கள் நிற்கும் வெளியையும் காட்சிக்கூடத்தையும் சுற்றி வந்தபின், ஒரு மாணவர் கேட்ட கேள்வி நம் சிந்தையைத் தூண்டியது. "இந்த ஓவியங்கள் விற்பனையாகும் வரை இவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் ஐயா?" என்றார் அவர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தின் முன் நின்று உழைக்கும் தந்தையின் மகன் கேட்க வேண்டிய கேள்விதான் அது. கைவினைத் தொழிலின் கதையைக் கேட்டபோது அவர் முகம் தெளிந்தது. ஓவியம் செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்தவர், அதுவும் ஓர் உழைப்பே என்று உணர்ந்தார். நூல்கள் தராத பாடத்தை அவ்விடம் தந்தது.

இங்கு நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு சொல் கூற விழைகிறோம். உயிர்களின் உருவம் வரைதல் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடுகள் நெடுங்காலமாக உள்ளன. அவற்றைத் தீர்த்து வைக்கும் தகுதி நமக்கு இல்லை. ஆயினும், கலை என்ற சொல்லையே ஐயத்துடன் நோக்கும் மனநிலை நம் வரலாற்றோடு பொருந்துவதாகாது. எழுத்தையே எழிலாக்கிய அரபு எழுத்தணிக் கலை நம் பள்ளிவாசல் சுவர்களில் ஒளிர்கிறது. ஜஹாங்கீர் அவையிலிருந்த உஸ்தாத் மன்சூர், பறவைகளையும் மலர்களையும் இயற்கை மாறாமல் தீட்டிப் புகழ் பெற்றார். பத்தமடையில் கோரையைப் பட்டுப்போல் மென்மையாக்கிப் பாய் நெய்யும் முஸ்லிம் பெண்டிரின் விரல்களும் கலைஞரின் விரல்களே. சோழமண்டலத்தில் குடியேறி வாழ்ந்து 1990-இல் மறைந்த ஜே. சுல்தான் அலி, இந்தியப் பழங்குடி மக்களின் கலையில் தோய்ந்து தமக்கென ஒரு பாணி கண்டவர். அவர்தம் படங்களில் உருவத்தோடு எழுத்தும் இழைந்து வரும். பணிக்கரும் தம் பிற்கால ஓவியங்களில் எழுத்தையும் குறியையும் நிரப்பினார். தமிழ் பயிலும் மாணவர் ஓவியக்கூடத்திற்கு ஏன் செல்ல வேண்டும் என்று வினவுவோர்க்கு இதுவே விடை. எழுத்தின் ஒலியையும் பொருளையும் நாம் கற்பிக்கிறோம். அதன் வடிவழகை அவர்கள் கற்பிக்கின்றனர்.

"படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று வினவும் பெற்றோரை நாம் குறை கூறவில்லை. பசியறிந்தவரின் நேர்மையான வினா அது. ஆனால் அதற்கு விடையே இல்லை என்று முடிவு கட்டி, பிள்ளையின் கையிலுள்ள தூரிகையைப் பறிப்பதுதான் தவறு. சோழமண்டலத்தார் அவ்வினாவிலிருந்து ஓடி ஒளியவில்லை. உழைத்து விடை கண்டனர். கைத்தொழிலும் கலையும் ஒரே கையின் இரு விரல்கள் என்று வாழ்ந்து காட்டினர்.

ஆதலின் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். மொழித்துறைகள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மாணவரை இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அரைமணி நேரத்தில் சுற்றி வந்து நிழற்படம் எடுத்துத் திரும்பும் உலாவாக அஃது அமைதல் கூடாது. ஓர் ஓவியத்தின் முன் கால்மணி நேரம் நின்று, கண்டதைத் தம் சொந்தத் தமிழில் எழுதப் பயிற்றுதல் வேண்டும். வசதி படைத்த நம் பெரியோர், மறைந்த கலைஞர்தம் இல்லங்கள் இடிபடும் முன்னரே அவற்றைக் காக்க முன்வருதல் வேண்டும். திருமுல்லைவாயிலில் சுந்தரர் பாடிய மாசிலாமணீசுவரர் கோயில் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. அக்கோயிலின் கல்லைச் செதுக்கிய கைகள் எந்தக் குடிசைக்குத் திரும்பி உணவருந்தின என்று காட்ட ஒரு சுவரும் எஞ்சவில்லை. கடந்த காலத்தில் இழந்ததை மீட்க இயலாது. நம் காலத்துக் கலைஞர்க்கும் அதே நிலை நேராமல் காப்பது நம் கையில் உள்ளது. சித்திரத்தைப் போற்றுவோர் சுவரையும் போற்றுவாராக! அதற்குரிய மனத்தையும் ஆற்றலையும் எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!