பாம்பு வளர்க்க ஆசைப்படும் எங்கட பிள்ளைகளுக்கு

ஹாக்னோஸ் பாம்பை முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கும் காணொளிகளை எங்கட பிள்ளைகள் விரும்பிப் பார்க்கிறார்கள். பயந்தால் மல்லாந்து செத்ததுபோல் நடிக்கும் வட அமெரிக்கப் பாம்பு அது. ஆசை வரத்தான் செய்யும். ஆனால் ஒரே தடவையில் பத்துக்கு மேலும் முட்டையிடலாம்; ஏறக்குறைய 2 மாதத்தில் பொரிக்கும். அத்தனை குட்டிகளுக்கும் தனித்தனிப் பெட்டியும் தீனும் யார் கொடுப்பது? அனுமதிப்பத்திரமில்லாமல் வெளிநாட்டு ஊர்வனவற்றையோ அவற்றின் முட்டையையோ கொண்டுவருவது, 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம்.

எங்கட வேலிக்கரைச் சாரைக்கு நஞ்சில்லை. எலியைத் தின்று நெல்லைக் காக்கிறது. கண்டதும் ஊர் பொல்லெடுக்கிறது. பிள்ளைகளின் ஆசையை ஏச வேண்டாம். சாரை எது, புடையன் எது என்று படத்தில் காட்டிச் சொல்லிக் கொடுப்போம். எந்தப் பாம்பையும் தூர நின்று பார்த்து, போகவிடப் பழக்குவோம்.